வலது காலை எடுத்து வைத்து

அப்பாவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், அவருடைய வலது கால் எல்லையில் கண்ணிவெடியில் போய்விட்டது என்றே பேசிக்கொண்டார்கள். பட்டாளத்துக்காரர், முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, வேறு எப்படிப் போயிருக்கும்? நான் திருத்தவில்லை. வெட்டி எடுத்தது ஆஸ்பத்திரியில். ஆனால் அந்தக் கால் போனது அதற்கு மூன்று வாரம் முன்னால், புனேயில், வாகட் பகுதியில் நாங்கள் வாங்கிய புது ஃபிளாட்டில், பால் காய்ச்சிய அன்று காலையில். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அப்பாவுக்குப் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடி எடுக்கிற வேலை. பதினெட்டு வருஷம் அதைச் செய்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓய்வு பெற்று, எங்களோடு புனேயிலேயே தங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த சிநேகிதர் ஒருவர் ஒரே ஒரு எட்டு விலகி மிதித்ததை மட்டும் ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் அம்மா கேட்டும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடக்வாஸ்லா அணை. மற்றக் குடும்பத்தார் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு கரையெங்கும் இறைந்து கிடப்பார்கள். நாங்கள் மூவர் மட்டும் வரிசையாகப் போவோம். அப்பா முன்னால், நான் நடுவில், அம்மா கடைசி. வெறும் சேற்றுக் கரை. அதில் அவர் குதிகாலை மெல்ல ஊன்றி, பொறுத்து, அப்புறம்தான் பாரத்தை இறக்குவார்.

“ஏட்டி, என் தடத்துலயே மிதிச்சு வா. ஒரு எட்டு வெலகாத.”

“இங்கன எவன் வெடியப் பொதைச்சு வச்சிருக்கான்? ஆளுக பாத்துச் சிரிக்காவ,” என்பாள் அம்மா.

“சிரிக்கட்டும். காலோட வீட்டுக்குப் போவோம்.”

எனக்கு மானம் போகும். பள்ளிக்கூடத் தோழிகள் யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று கூனிக் குறுகி நடப்பேன். ஆனால் அந்தப் பெரிய தடத்துக்குள் என் செருப்பு அடங்கி நிற்கும்போது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். இந்த மனிதர்தான் காலையில் என் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு, கயிறு முறுக்குவதுபோல எனக்கு இரட்டைச் சடை பின்னி, அம்மாவுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, அப்புறம் செக்யூரிட்டி வேலைக்குப் போவார். அப்படி ஒரு அப்பா வாய்த்தால் கொஞ்சம் மானம் போனால்தான் என்ன?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆனபின், ஒருநாள் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. “கழண்டதுகூடத் தெரியலையாப்பா?” என்று வயிறு வலிக்கச் சிரித்தவள் நான்தான். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அதன்பிறகு குனிந்தே நடக்க ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளும் பார்வை தரையில்தான். “ரிட்டயர் ஆயும் வெடி தேடுதாவ,” என்று அம்மா கிண்டல் செய்தாள். அவர் தேடிக்கொண்டிருந்தது தன் காலை. சர்க்கரை வியாதியில் இரண்டு பாதமும் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்தால்தான் கால் எங்கே ஊன்றுகிறது என்று அவருக்குத் தெரியும். எல்லாம் முடிந்தபிறகு டாக்டரிடம் அவர் ஒப்புக்கொண்டபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. ஃபிளாட் வேலை முடியட்டும், அதுவரை வீட்டில் எதற்குக் கலவரம் என்று இருந்துவிட்டாராம். அடுத்தவன் புதைத்ததையெல்லாம் தோண்டி எடுத்தவர், இதை எங்கள் நடுவில் தானே புதைத்து வைத்திருந்தார். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

பால் காய்ச்சும் நாளில் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கீழ்த்தளத்தில் பலகையும் கம்பியும் ஆணியும் இறைந்து கிடந்தன. சாமி படத்தைச் சுமந்து போவதால் அப்பா செருப்பைக் கேட்டிலேயே கழற்றிப் போட்டார். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தப் படத்தைத் தாண்டி அவருக்குத் தன் கால் தெரிந்திருக்காது.

“பின்னாலயே வாங்க,” என்று படியேறினார். நானும் அம்மாவும் கை நிறையச் சாமானோடு, அரை இருட்டில் நாலு மாடி ஏறினோம்.

பழைய வீட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த அக்கா முன்னதாகவே வந்து வாசலில் காத்திருந்தார். “வலது காலை எடுத்து வச்சு வாங்கண்ணா” என்று மூவருக்கும் ஆரத்தி சுற்றி, வாசலோரம் ஊற்றினார். அப்பா வலது காலை வைத்து உள்ளே போனார். பால் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போதுதான் அம்மா தரையைப் பார்த்தாள்.

“ஆரத்தித் தண்ணிய மிதிச்சுட்டு வீடு முழுக்க நடந்திருக்காவ பாரு. புதுத் தரை!”

வெள்ளை டைல்ஸ். வாசலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து பால்கனி. வலது கால் தடம் மட்டும். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஆரத்தித் தண்ணீர் என்றால் போகப் போக மங்க வேண்டும். இது போகப் போகச் சிவந்திருந்தது.

முதல் தடவையாக, அவர் தடத்தில் கால் படாமல் விலகி விலகி நடந்து பால்கனிக்குப் போனேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். முகத்தில் அவ்வளவு நிறைவு. குதிகாலை லேசாகத் தூக்கியிருந்தார். உள்ளங்காலில் ஓர் ஆணி தலைவரை ஏறியிருந்தது.

“அப்பா, உங்க கால்ல ஆணி.”

அப்படியே அசையாமல் நின்றார். கீழே பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“ஏட்டி, எந்தக் காலு?”