பாதியில் நின்ற குடும்பம்

தர்மபுரியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, டிவியில் ஓடிய தொடரின் அடியில் 'இறுதி வாரம்' என்று எழுத்து வந்தது. "ஆரும் பாக்கலைன்னா நிறுத்திப்புடறாங்க" என்றார் பக்கத்திலிருந்த பெண். எனக்குச் சரசு அத்தை ஞாபகம் வந்தது.

நான் மாரண்டஹள்ளியில் ஐந்தாவது படித்தபோது, அப்பாவின் தங்கையான சரசு அத்தை, கணவனின் அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று அப்பா வாய் திறக்கவில்லை.

மத்தியானம் ஒரு தொடர் வரும். அதில் வரும் குடும்பத்தில் யாரும் யாருக்கும் விஷம் வைக்க மாட்டார்கள். "இதென்ன வூடு, ஒரு சண்டைகூட இல்ல" என்று தெருப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். அத்தை மட்டும் அசையாமல் பார்ப்பாள்.

ஒருநாள் அதில் கடைசி மருமகள், வேலைக்குப் போகட்டுமா என்று மாமனாரைக் கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அதே நேரத்தில் வேறு குடும்பம் வந்தது.

இரண்டு நாள் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டாள்.

"ஏண்ணா, அந்த மாமனாரு என்ன சொல்லியிருப்பாருங்க?"

நாடகமே பார்க்காத அப்பா, கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "போயிட்டு வாம்மான்னுதான் சொல்லியிருப்பாரு."

"அப்ப நானும் போறங்கண்ணா. ஓசூர்ல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம்."

திங்கட்கிழமை அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். அந்த வாரமே மாமா நாலு ஆட்களோடு வந்து வாசலில் நின்றார்.

"அவ வேலைக்குப் போயிருக்கா. இனி இங்க வராதீங்க" என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.