மூணாம் நம்பர் வண்டியில் குணசுந்தரி

பச்சையப்பனுக்கு ரெண்டே ஆசைகள். ஒன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனியில் பர்மனென்ட் ஆவது. இன்னொன்று, தன் ரீல்ஸை லட்சம் பேர் பார்ப்பது. இந்த ரெண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று அந்த மனுஷனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். குடும்பத்துக்குக் கொஞ்சம் நெல்வயல் உண்டு. அதை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வருஷக் கணக்கில் கான்ட்ராக்ட்தான். வேலையில் கெட்டிக்காரர், குழாய்க் கட்டைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். போன் கைக்கு வந்தால்தான் புத்தி கழன்றுவிடும். 'பச்சை கிங்' என்ற அவருடைய பக்கத்தில் கையை விட்டு பைக் ஓட்டுவார், ஓடும் ரயிலில் தொங்கிக்கொண்டே பஜ்ஜி தின்பார். பார்க்கிற நாலு பேரில் ரெண்டு பேர் மச்சான்கள்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அன்று மட்டும்தான் கேட்டில் போனை வாங்கி வைக்கமாட்டார்கள். பச்சையப்பன் தன் மனைவி குணசுந்தரியைப் பட்டுப்புடவையில் கூட்டிப் போனார். ஷெட்டின் இரும்புத் தூணில், உயரத்தில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு மாலை போட ஏணி தேடிக்கொண்டிருந்தார்கள். சேஃப்டி ஆபீசர் எட்வர்ட் ஆபீஸ் பக்கத்துப் பூஜையில் இருந்தார்.

"ஏணி இன்னாத்துக்கு? எங்க ஊட்டுக்காரி போடுவா, பாரு," என்றார் பச்சையப்பன்.

சரக்கு அடுக்கும் மரப்பலகையில் அவளை ஏற்றி, மூணாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் மேலே தூக்கினார். அவளும் படத்தில் விழும்படி பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்; ஒரு கையில் லீவர், மறு கையில் செல்ஃபி போன். மேளம் காதைக் கிழித்தது. மாலை விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலமே அதில் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து ரீலாகப் போட்டார்.

அது பிய்த்துக்கொண்டு போனது. லட்சத்தைத் தொட்டபோது பச்சையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கமென்ட் போட்ட ஒருவரையும் விடவில்லை. பெயரைக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் "தேங்க்ஸ் தல" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்று வைத்தார். கேள்வி கேட்டவர்களுக்குத் தனி உபசாரம். எந்தக் கம்பெனி என்றவருக்குக் கேட் வரைக்கும் வழி சொன்னார். பயமாக இல்லையா என்றவருக்கு, "வண்டிக்கு பிரேக் வீக்கு நைனா, அதான் த்ரில்லு" என்றார்.

பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரவேண்டிய வாரத்தில் எட்வர்ட் கூப்பிட்டு அனுப்பி, போனில் அந்த ரீலைக் காட்டினார்.

"இது யாரு பச்சையப்பன்?"

"என்னாட்டம்தான் கீது சார். ஆனா நான் இல்ல. ஏஐ சார், இப்போ எல்லாம் ஏஐ."

எட்வர்ட் கமென்ட்களை நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனார். "பிரேக் வீக்குன்னு ஏஐக்கு எப்படித் தெரிஞ்சிது? எங்ககிட்டயே நீ சொல்லலியே!"

பச்சையப்பன் கூரையைப் பார்த்தார்.

வேலை எப்படியோ தப்பியது, ஆனால் பர்மனென்ட் போனது. கூடவே ஒரு தண்டனை: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு சேஃப்டி வகுப்பில் அந்த ரீலைப் போடும்போது, பக்கத்தில் நின்று என்ன தப்பு என்று இவரே சொல்ல வேண்டும். மனுஷன் உள்ளுக்குள் குஷியானார் என்பதையும் மறைக்கக் கூடாது. பெரிய திரையாயிற்றே! தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனார்.

"பாட்டு வேணாம்," என்று எட்வர்ட் சத்தத்தை அணைத்து ஓடவிட்டார்.

திரையில் பச்சையப்பன் போனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேலே, குணசுந்தரி. போனில் கட்டைவிரல் அளவுக்கு இருந்தவள் இங்கே ஆள் உயரத்துக்கு இருந்தாள். பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னாள். வாயசைவே போதும். எறக்குய்யா. எறக்குய்யா.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தப்பு என்ன என்று சொல்லாமலே பச்சையப்பன் வெளியே நடந்தார்.

வீட்டில் குணசுந்தரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எறக்கச் சொன்னியா?"

"தொண்ட கிழியக் கத்தினேன். நீ போனப் பாத்து இளிச்சிக்கினு இருந்த."

"ஊட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க, நீதான் போன விட்டுத் தல நிமிரலியே! கமென்ட்ல போட்டேன். இன்னும் எனக்குக் கை நடுங்குதுன்னு போட்டேன்." தோசையைத் திருப்பினாள். "'தேங்க்ஸ் தல'ன்னு சொல்லி, சிரிக்கிற பொம்ம வெச்ச."