ஜெபித்த நேரம் கணக்கில் வரவில்லை

"ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மைதானம் காலியாக இருந்தது.

என்னைச் சுற்றி ஒன்பது பேர் மட்டும் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். சற்று முன்புவரை இடித்துக்கொண்டு நின்ற அத்தனை கூட்டத்தையும் காணோம். காலி டீக் கப்புகள் காற்றில் உருண்டன. மேடையில் ஒருவர் யாருமில்லாத மைதானத்தைப் பார்த்து மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் தோளில் கட்டியிருந்த கொடியில் "மூன்றரை மணி" என்று பெரிதாக எழுதியிருந்தது.

அன்பான சகோதர சகோதரிகளே, அந்த இக்கட்டிலிருந்து கர்த்தர் எங்களை எப்படி மீட்டார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சபை இதழில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று பாஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே புரியும்.

என் பெயர் பியூலா. மேற்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. சர்க்கரை வந்ததால் நடக்கச் சொன்னார் டாக்டர். நடை எப்போது ஓட்டமாக மாறியது என்று எனக்கே தெரியாது. போன ஜனவரியில் எங்கள் ஊர் அரை மாரத்தானில் என்னை முதன்முறையாகப் பேஸராகப் போட்டார்கள். பேஸர் என்றால் கொடியைக் கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும்படி ஒரே சீராக ஓடுகிறவர். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கொடியின் பின்னால் வந்தால் போதும். எனக்குக் கிடைத்தது கடைசிக் குழு. மூன்றரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் பதக்கம், அதனால் சில நிமிடம் கைவசம் மிச்சம் இருக்கும்படி ஓடச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் பின்னால் வருவது ஒரு வேன் மட்டுமே. முடியாதவர்களை அது அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

அந்த வேன்தான் ரேவதியின் எதிரி. ரேவதி எங்கள் காலனியில் எதிர்வீடு. அதற்கு முந்தைய வருடம், முடிவுக் கோட்டின் மேல் கட்டிய அலங்கார வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவளை வேனில் ஏற்றிவிட்டார்கள். அவள் வேனிலிருந்து இறங்குவதை அவளுடைய கொழுந்தனார் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் அவள் எதைத் தொடங்கினாலும் ஒரே கேள்விதான். தையல் வகுப்பில் சேர்ந்தால், "வேன் வருமா அண்ணி?" கார் ஓட்டப் பழகினால், "வேன் வருமா அண்ணி?" கேட்கிறவர்களுக்கு அது சிரிப்பு. அவள் ஒருநாள் என் சமையலறையில் நின்று அழுதாள்.

"டீச்சர், பதக்கம் கூட வேணாம். என்னை வேன்ல மட்டும் ஏத்திடாதீங்க. என் கால்ல நான் போய்ச் சேரணும்."

"நான் கூட்டிட்டுப் போறேன்மா" என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்தவள் செய்த காரியம் இதுதான். ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் என் குழுவை, ஸ்பீக்கர் சத்தம் குறைவாகக் கேட்கிற இடமாகப் பார்த்து, தண்ணீர் லாரிக்குப் பின்னால் அழைத்துப் போனேன். "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போவோம்" என்றேன்.

எங்கள் சபையார் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பார்கள். என் சின்ன ஜெபம் அப்படிப்பட்டது. கூடுவாஞ்சேரியில் ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டையில் நான் ஜெபித்து முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போய், சமையல்காரர் பாத்திரத்தைத் திரும்பக் கேட்டு வந்து நின்றுவிட்டார். நானோ அதை எனக்குக் கர்த்தர் கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் சாலைக்காக ஜெபித்தேன். சாலையில் நிற்கிற காவலர்களுக்காக, அவர்கள் குடும்பங்களுக்காக ஜெபித்தேன். பள்ளம் தோண்டி மூடாமல் போனவர்களை மன்னித்தேன். நாய்களின் வாயைக் கட்டும்படி கேட்டேன். அங்கிருந்து தேசத் தலைவர்களுக்குப் போனேன். நடுவில் நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. தாம்பரத்தில் ஹாரன் சத்தம் ஒரு செய்தியா? ஏதோ பஸ் என்று நினைத்து, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காகவும் சேர்த்து ஜெபித்தேன். அதுதான் ஓட்டத்தைத் தொடங்கிவைத்த ஹாரன்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. மரியாதைக்காகக் கண்ணை மூடியவர்கள், மரியாதைக்காகவே திறக்கவில்லை. வங்கி அதிகாரி பாலாஜி சாரிடம் பிறகு கேட்டேன்.

"நடுவுல ஒரு தடவை பார்த்தேன் டீச்சர். எல்லாரும் ஓடிட்டுத்தான் இருந்தாங்க. சாமி கும்பிடறப்போ எப்படிக் குறுக்க பேசறது?"

ஏறக்குறைய பத்து நிமிடம் போயிருந்தது. ரேவதி வேனைத் தேடினாள். வேன் கிளம்பவில்லை. டிரைவர் முருகேசன் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களுக்குச் சற்றுத் தள்ளி, அவரும் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"இன்னா டீச்சர், எனக்கு சோலி கீதுல்ல? சரி ஓடுங்க. நான் பின்னாடியே வந்துகினு இருக்கேன்" என்று சாவியை எடுத்தார்.

நாங்கள் ஓடினோம். படப்பை போகிற சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. ஒன்பது பேருடைய பல மாத உழைப்பை, நல்லது செய்வதாக நினைத்து நானே கெடுத்துவிட்டேனே! இழந்த பத்து நிமிடத்தைப் பிடிக்க வேகமாக ஓடலாமா என்று தோன்றியது. ஆனால் கடைசிக் குழுவை விரட்டினால் பாதியிலேயே எல்லோரும் படுத்துவிடுவார்கள். பேஸருடைய வேலை ஒரே சீராக ஓடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே செய்தேன். என் பக்கத்தில் ரேவதி நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பாதம்மா. கழுத்து பிடிச்சுக்கும்."

"வேன் எங்க இருக்கு டீச்சர்?"

"அது எங்கயும் போகாது. நீ முன்னாடி பாரு."

திரும்பும் இடத்தைத் தாண்டியபின் ஒரு விசித்திரம் நடந்தது. சரியான நேரத்தில் கிளம்பி, புறாக்கூட்டம் போலப் பறந்தவர்களில் சிலர் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இளநீர் கடையில் படுத்தே விட்டார். நாங்கள் அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினோம். பின்னால் வேனின் கதவு திறப்பதும் மூடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ரேவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முடிவுக்கு இன்னும் கொஞ்ச தூரமே இருந்தபோது அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரக் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டாள். அதே இடம்தான் டீச்சர், போன வருஷமும் இதே இடம்தான் என்று தேம்பினாள். மற்றவர்களை நிறுத்திவைப்பது நியாயமில்லை. கொடியை அவிழ்த்துப் பாலாஜி சார் கையில் கொடுத்து, "இதே வேகத்துல கூட்டிட்டுப் போங்க சார்" என்று அனுப்பினேன். கொடி போய்விட்டது. நானும் அவளும் நின்றோம். பின்னால் வேன் வந்து நின்றது.

நான் ஜெபிக்க வாயைத் திறந்தேன். மூச்சு இல்லை. இத்தனை வருடம் பக்கம் பக்கமாக ஜெபித்த எனக்கு, அன்று வாயில் வந்தது இரண்டே சொல்.

"ஆண்டவரே... ரேவதி."

அவ்வளவுதான். "ஆமென்" சொல்லக்கூட மூச்சு வரவில்லை.

முருகேசன் இறங்கி வந்து கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எடமே இல்லியேக்கா. ஃபுல்லாயிட்ச்சு. நின்னுகினு வர்றதுக்கும் உட மாட்டாங்க." பிறகு ரேவதியின் முகத்தைப் பார்த்தார். "நான் போய் இவங்கள எறக்கி வுட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்ட்டேன்."

வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியே உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். கிறிஸ்து பிறந்த இரவில் பெத்லகேம் சத்திரத்தில் மரியாளுக்கு இடமில்லாமல் போனதைப் பற்றி வருடாவருடம் கேட்டு நான் வருத்தப்பட்டிருக்கிறேன். இடமில்லை என்பது இவ்வளவு சந்தோஷமான செய்தியாகவும் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நடுரோட்டில் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். ரேவதி அழுகையும் சிரிப்புமாக, "முருகா!" என்றாள். அவள் டிரைவரைச் சொன்னாளா, அவளுடைய சாமியைச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கெண்டைக்காலை நீவிவிட்டேன். நொண்டினோம், நடந்தோம், கடைசியில் ஓடவும் செய்தோம். வளைவில் கொழுந்தனார் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வேன் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரேவதி அவருடைய முதுகுக்குப் பின்னால், தன் சொந்தக் காலில், கோட்டைத் தாண்டினாள். "தம்பி, இந்தப் பக்கம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் போனைக் கீழே போட்டுவிட்டார். அந்த முகத்தை யாரும் படம்பிடிக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

ஆனால் வளைவின் மேலே இருந்த கடிகாரம் மூன்றரை மணியைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட பாலாஜி சாரும் மற்றவர்களும் பதக்கம் கேட்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றிருந்தார்கள். நான் கணினி வைத்திருந்த பெண்ணிடம் போய், "தப்பு என்னுதும்மா, இவங்களைத் தண்டிக்காதீங்க" என்று தொடங்கினேன். வழக்கம்போல நீளமாகத்தான் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மேடம், மேல இருக்கிறது ஹாரன் அடிச்சதுலேர்ந்து ஓடுற கடிகாரம். உங்க சட்டையில குத்தின நம்பர்ல சிப் இருக்கு பாருங்க, அது நீங்க கிளம்புற கோட்டைத் தாண்டினப்புறம்தான் ஆரம்பிக்கும். மெடல் அந்தக் கணக்குப்படிதான். எல்லாருமே டயத்துக்குள்ள வந்துட்டீங்க. கடைசியா வந்த நீங்க ரெண்டு பேரும்கூட."

முதல்முறை பேஸருக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் ஜெபித்த அந்தப் பத்து நிமிடத்தைக் கர்த்தர் எங்கள் கணக்கில் எழுதவே இல்லை! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பத்து பேருக்கும் பதக்கம் கிடைத்தது.

அன்று மாலை ஆராதனையில் இதைச் சாட்சியாகச் சொன்னபோது பாஸ்டர் முகத்தில் கொஞ்சம் கலவரம் தெரிந்தது. நீண்ட ஜெபத்துக்குக் கர்த்தரே நேரம் ஒதுக்கிவிட்டார் என்று நான் முடிவுகட்டிவிடுவேனோ என்று பயந்திருப்பார். இல்லை, பாஸ்டர். அந்த நீண்ட ஜெபத்தைக் கர்த்தர் மன்னித்தார். அவர் காதில் விழுந்தது ரேவதியின் பெயர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. இப்போது நம் சபையில் பிரியாணி சூடாகவே கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் அவர்கள் கையைப் பிடித்துப் பெயரைச் சொல்கிறேன், நிறுத்திவிடுகிறேன். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும். இந்த ஜனவரியிலும் அதே கடைசிக் குழுவுக்கு நான்தான் பேஸர். ரேவதி வந்து, "டீச்சர், ஜெபம்?" என்றாள். கோட்டின் மேலேயே நின்று, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, குழுவில் இருந்தவர்களின் பெயர்களை மட்டும் சொன்னேன். ரேவதி கடைசியில், "முருகேசன் அண்ணா பேரையும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஹாரன் அடித்தது, ஓடினோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஜெபிக்க வார்த்தை வராமல் தவித்துக்கொண்டிருக்கலாம். மூச்சு வாங்குகிறதா? பயப்படாதீர்கள். யாருக்காகத் தவிக்கிறீர்களோ, அவர் பெயரை மட்டும் ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

பாஸ்டரம்மா, ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். மன்னியுங்கள். ஆமென்.