நான் போட்ட கையெழுத்து

எழுபதுகளின் கடைசியில், கொச்சித் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்பலின் தூக்குக் கயிறு அறுந்து, மூட்டைகள் விழுந்து என் வீட்டுக்காரர் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் கப்பல் ஏஜெண்டின் ஆள் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஓர் இங்கிலீஷ் காகிதத்தையும் கைநாட்டுக்கு மைப்பெட்டியையும் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வரிசை வீடுகளில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே பெண் நான். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அவரிடமே பேனா வாங்கி, நிதானமாக என் பெயரைத் தமிழில் எழுதினேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாதவள் என்று ஆகிவிடுமே.

பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடப் போனபோது வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்தார்.

"சேச்சி, இந்தக் கேசுக்குக் கப்பலோட ராஜ்யத்துச் சட்டம்தான் செல்லும்னு நீங்களே சம்மதிச்சிருக்கீங்களே."

"கயிறு அறுந்தது இங்க. செத்தது எம் வீட்டுக்காரரு. அந்த நாடு எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது, வக்கீல் சாரே."

"கைநாட்டா இருந்தா ஏமாத்திட்டாங்கன்னு வாதாடலாம். இது நல்ல கையெழுத்தால்ல இருக்கு."

வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தேன். எந்த நாட்டுச் சட்டம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். கயிறு ஏன் அறுந்தது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.