லிஃபூவிலிருந்து வராத கிழங்கு

போன வருடம் முழுக்க, மாடியில் சிமெண்ட் சாக்கில் படர்ந்திருந்த வள்ளிக்கொடிக்கு அம்மா தண்ணீர் ஊற்றப் போனால் நான் கீழே இறங்கிவிடுவேன். என்னால் பார்க்க முடியாது.

என் தங்கையின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். புதுச்சேரிப் பேச்சில் சொல்தா. அவருக்கு நியூ கலிடோனியாவில் வேலை போட்டிருந்தபோது நான் ஒரு மாதம் போய்த் தங்கினேன். தங்கையோடு வேலை பார்க்கும் ஒருத்தி, என் வயதுக்காரி, தன் சொந்தத் தீவான லிஃபூவில் நடக்கும் புதுக்கிழங்குத் திருவிழாவுக்கு எங்களை அழைத்துப்போனாள். அவள் கனாக் இனம், அந்தத் தீவுகளின் பூர்வகுடி. அங்கே வள்ளிக்கிழங்கும் ஒரு ஆள் மாதிரிதான். அவர்களும் எங்களைப்போலக் கிறிஸ்தவர்கள்; முதல் கிழங்கைக் குலத்தலைவர் வீட்டு முன் வைத்து, கோயிலில் சாமியார் மந்திரிக்கும்வரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தித்தான் கொண்டுவருகிறார்கள். ஈரப்புல்லில் வழுக்கிய ஒருவர் முட்டியில் விழுந்தார், கிழங்கை விடவில்லை. சிரித்தவள் நான் ஒருத்திதான்.

கிளம்பும் நாளில் அவள் பூப்போட்ட துணியில் சுற்றிய ஒரு கிழங்கை என் கையில் கொடுத்தாள்.

"உன் அம்மாவுக்கு. உடம்பைச் சாப்பிடுங்கள், தலையை நடுங்கள். முளைத்தால் நம் இரண்டு வீடும் ஒரே வீடு."

வாங்குகிறவரும் பதில் வார்த்தை சொல்லவேண்டும் என்பது முறை. எனக்கு வாய் நீளம். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் உருகி உருகிப் பேசினேன். அவள் கண் கலங்கியது.

விமான நிலையத்தில், வழியில் இறங்கும் ஊரில் மண் ஒட்டிய கிழங்கைப் பார்த்தால் அபராதம் போடுவார்கள் என்று யாரோ சொன்னார். தங்கை அப்போதுதான் காரை எடுத்திருந்தாள். ஒரு போன் போட்டிருந்தால் திரும்பி வந்து வாங்கிக்கொண்டிருப்பாள். சோம்பல், வேறு காரணம் கிடையாது. கிழங்கைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். துணி அழகாக இருந்ததால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். எவ்வளவு கேவலம்!

ஊர் வந்ததும் கிழங்கு கொடுத்தவள் போன் செய்தாள். "அம்மா சாப்பிட்டார்களா?"

"ரொம்ப ருசி என்றார்கள்."

"தலையை நட்டீர்களா?"

"நட்டாச்சு."

ஒரு பொய் தனியாக நிற்காது. படம் கேட்டாள். பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மலைபோல் குவித்திருந்ததில் ஒரு பெருவள்ளிக்கிழங்கைப் பொறுக்கி வாங்கி வந்து தலையை நட்டேன். அம்மாவிடமும் லிஃபூக் கிழங்கு என்றே சொன்னேன். அது முளைத்துத் தொலைத்தது. படம் அனுப்பினேன். அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டியதாக அவள் எழுதினாள்.

அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அரியாங்குப்பத்திலிருந்து சித்தி கொடியைப் பார்க்கவே பஸ் ஏறி வந்தார். திருவிழாக் கதையை நான் அத்தனை நன்றாகச் சொல்லியிருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் அம்மா சாக்கைக் கிழித்துக் கிழங்கை எடுத்தாள். முட்டிவலிக்காரி, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

"நாளைக்குப் பூசைக்கு எடுத்துட்டுப் போறேன். சாமியாரு மந்திரிச்சிக் குடுத்தப்புறம்தான் வேக வைக்கணும், இல்ல?"

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குப்பைத்தொட்டி, மார்க்கெட், துணி, எல்லாம். அழுதேன். அம்மா திட்டுவாள், பிறகு போகட்டும் விடு என்பாள் என்று நினைத்தேன்.

அம்மா கிழங்கைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லமா."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? போ, அந்தத் துணிய எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். கிழங்கை அதில் சுற்றி அடுப்படி மேடையில் வைத்தாள்.

"நீ அவகிட்ட சொன்னப்புறம் கோயிலுக்கு எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் இத யாரும் தொடக் கூடாது."

நான்கு நாளாகிறது. கிழங்கு அங்கேயேதான் இருக்கிறது. காபி போடப் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.