பக்கத்துப் படுக்கை ஆரோக்கியசாமி

செவ்வாய்க்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி அண்ணனின் மகள் ஸ்டெல்லா அழைத்தாள். நான் தமிழில் கேட்டால் எப்போதும் தெலுங்கில் பதில் சொல்லும் பெண், அன்று தமிழிலேயே சொன்னாள்: "ஆன்ட்டி, டாடி போயிட்டாரு. ஹார்ட் நின்னுடுச்சு."

அண்ணனை, இங்கே அவருக்காகக் கூடியிருக்கும் உங்களில் பலர் ரயில்வே பணிமனை ஃபிட்டராக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் பக்கத்துப் படுக்கைக்காரர். நாம் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு நகரத்தில், தார்நாகா பக்கம் ஒரு மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத கூடத்தில், வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளோடு அசையாமல் கிடப்போம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. ஊரில் தங்க முடியாது. கோவில்பட்டியில் என் அம்மா இறந்தபோது, முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே இயந்திரத்திடம் ஓடிவந்தவள் நான்.

அம்மா இறந்ததற்கு அடுத்த வாரம் நான் டயாலிசிஸுக்குப் போகவில்லை. போதும் என்றிருந்தது. இரண்டாவது முறையும் போகாதபோது அண்ணன் அழைத்தார்.

"ஏம்மா வரல?"

"முடியலண்ணே. என்னை விட்டுடுங்க."

"நக்கோம்மா, வேணாம், அப்படிப் பேசாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் நானும் ஊசி போட்டுக்க மாட்டேன்."

விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் நர்ஸே அழைத்தார். அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறதாம், படுக்க மறுக்கிறாராம். திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்தேன். வீங்கிய கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாங்க சிஸ்டர், இப்போ போடுங்க" என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

ஏழு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, சிறுநீரகம் கிடைத்திருப்பதாக ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்கள். பகல் முழுக்கப் பட்டினியாகக் காத்திருந்தார். அது இன்னொருவருக்குத்தான் நன்றாகப் பொருந்தியது. மறுநாள் பழைய படுக்கைக்கே திரும்பி வந்தார். அவரே ஆரம்பித்தார்:

"கூப்பிட்டாங்கள்ல? லிஸ்ட்ல நம்ம பேரு நெசமாவே இருக்கும்மா. இத்தனை நாளு எனக்கு அதுவே டவுட்டு."

சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் அவர் தோள்கள் குலுங்கின. மறுபடி அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பயம் இருக்காது என்று எண்ணியிருந்தேன். அண்ணனுக்கு நிறையப் பயம் இருந்தது. அந்தப் பயத்தோடேயே வீட்டைவிட்டுக் கிளம்பி வருவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கிளம்புதலை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை, ஸ்டெல்லாவிடம் பேசிய பிறகு அரை மணி நேரம் அழுதுவிட்டு, தாமதமாகப் போய்க் கையை நீட்டினேன்.