சவரி குழியில் இறங்காத நாள்

சவரி போய்விட்டான்.

காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டானாம். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை...

வருஷக்கணக்காக வெடிகுண்டோடு மல்லுக்கட்டியவன். கையில் பிரஷ்ஷோடு போய்விட்டான் என்றால் எப்படி நம்புவது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்துவும் நானும் ராணுவத்தில் ஒன்றாக வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் பயிற்சி எடுத்தவர்கள். இரண்டு பேருக்கும் கோட்டுச்சேரி பக்கம்தான். என் மகன் நிர்மலுக்கு அவன்தான் ஞானத்தகப்பன்.

சவரி பாஸாகி, பிறகு அதே இடத்தில் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் ஆனான். நான் பெயிலாகி லாரி ஓட்டினேன். இப்போது பஞ்சர் கடை. டியூப் வெடித்தால் இன்றைக்கும் குப்புறப் படுத்துவிடுவேன். கஸ்டமர்தான் தூக்கிவிடுவார்.

பயிற்சியில் டம்மி குண்டு வைப்பார்கள். தப்பான ஒயரைத் தொட்டால் பஸ்ஸர் அலறும். அலறினால் நீ செத்தவன், வகுப்பு முடியும்வரை மண்ணிலேயே கிடக்க வேண்டும். சாயங்காலம் கேன்டீனில் செத்தவன் செலவில் எல்லோருக்கும் டீ, சமோசா.

அதற்கு நாங்கள் இரண்டு பேரும் வைத்த பெயர் கருமாதி டீ. பெரும்பாலும் என் கருமாதிதான்.

"டேய் செபஸ்தி, கொஞ்ச நாளு உயிரோட இருடா. சமோசா தின்னு தின்னு எனக்கு நெஞ்சு கரிக்குது" என்பான் சவரி.

அவன் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. அப்போது.

நிர்மல் இப்போது வடக்கே அதே பயிற்சியில் இருக்கிறான். இன்றைக்குத்தான் கடைசி பிராக்டிகல். டம்மி இல்லை, நிஜ வெடிமருந்து. குழிக்குள் தனியாக இறங்க வேண்டும்.

எங்கள் காலத்தில் பிராக்டிகல் அன்று யாருக்காவது லெட்டர் வந்தால் சாயங்காலம்தான் கையில் கொடுப்பார்கள். குண்டுக்குப் பக்கத்தில் போகிறவன் தலைக்குள் வீடு இருக்கக் கூடாது. இப்போது காலையிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம்.

அதனால் நானே ஒரு முடிவெடுத்தேன். நிர்மலுக்குச் சாயங்காலம்வரை தெரியக் கூடாது. ஃபேமிலி குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டேன். சவரி போட்டோவை மாலையோடு ஃபேஸ்புக்கில் ஏற்றிய மச்சானைத் திட்டி எடுக்க வைத்தேன். பெரிய கமாண்டர் மாதிரி...

மத்தியானம் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமினாவிடமும் சொன்னேன். சவரியின் மனைவி. எனக்குத் தங்கை மாதிரி.

"நான் காலையிலயே அவங்கிட்ட சொல்லிட்டேண்ணே. போன வாங்கி வைக்கறதுக்கு முன்னாடியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தங்கச்சி இப்புடிப் பண்ணிபுட்ட? இன்னைக்கு நெச மருந்துல்ல தொடப் போறான்!"

"அதுக்குத்தான் சொன்னேன். வேற யாராச்சும் மெசேஜு போட்டு, அதப் பாத்துட்டு வாயத் தொறக்காம எறங்கிட்டான்னா? நானே சொன்னா, என்ன செய்யணும்னும் சேத்துச் சொல்லலாம்ல."

அப்புறம் கேட்டாள். "நீங்க படிக்கறப்ப ஒரு நாளு அவரு குழியில எறங்கலையே... ஞாபகம் இருக்காண்ணே?"

இல்லாமலா? நிஜ மருந்து வைத்த நாள். வயிற்றுப்போக்கு என்று ஒதுங்கிக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவனுக்குப் பெயர் பேதி சவரி. வைத்தவன் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"மொத நாளுதான் எங்க புள்ள வயித்துலயே கலைஞ்சி போச்சு. எஸ்டிடி பூத்துலேர்ந்து நான்தான் அவருக்குச் சொன்னேன். மறுநாளு உஸ்தாத்துகிட்ட போயி, இன்னைக்கு என் கை நெதானத்துல இல்ல சாப், நான் எறங்கலன்னுட்டாராம். ஒங்ககிட்டல்லாம் வயித்துப்போக்குன்னு சொல்லிட்டாரு. அதத்தான் நிர்மல்கிட்ட சொன்னேன். எறங்கறதும் எறங்காததும் ஒன் இஷ்டம், உஸ்தாத்துகிட்ட மறைக்காதன்னு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவன்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஞானஸ்நானத்தன்று நிர்மலை என் மனைவி கையிலிருந்து வாங்கியவன், சாமியார் கிளம்பிப் போன பிறகும் திருப்பித் தரவில்லை... அதையும் அன்றைக்கு நான் கிண்டல்தான் செய்தேன்.

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். நேராக இருந்த நாற்காலிகளைத் திரும்பவும் நேராகப் போட்டேன். நிர்மல் போனுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். திரும்ப அடித்தேன். என் மனைவி போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க அடிச்சா மட்டும் அது ஆன் ஆயிடுமா? ஒரு எடத்துல நில்லுங்களேன்."

நின்றேன். இரண்டு நிமிஷம்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அவள் பைக்குள் மணி அடித்தது. நிர்மல்.

"அப்பா... நான் எறங்கலப்பா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"உஸ்தாத்துகிட்ட சொல்லிட்டேன். அடுத்த பேட்சோட பண்ணிக்கன்னுட்டாரு. லீவும் குடுத்துட்டாங்க, ஏர்போர்ட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். நான் வர்றவரைக்கும் பெரியப்பாவ எடுத்துடாதீங்கப்பா."

"கூட இருக்கறவனுங்க சிரிச்சானுங்களாடா?"

"ரெண்டு பேரு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்."

அடுத்த பேட்ச் எப்போது, பிரமோஷன் தள்ளிப்போகுமா... எல்லாம் தொண்டைவரை வந்தது. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

பிலோமினாவிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

சாயங்காலம் என்று சொல்லியிருந்த அடக்கம் நாளைக்கு மாறியிருக்கிறது. காலையில் நிர்மல் வந்ததும் மாதா கோவிலுக்கு எடுத்துப் போகிறோம். சவரியைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

சவரி... பையன் கிளம்பிட்டான்டா.

பார்த்துட்டுப் போ.